விலாசம் தேடிய விஷம்

தாமிரத் தாதுவை உலையில் வறுக்கும்போது அதில் கலந்திருக்கும் ஆர்செனிக் காற்றோடு சேர்ந்து புகையாக எழும். புகைபோக்கியின் உள்சுவரில் குளிர்ந்து வெள்ளைப் பொடியாகப் படியும். உலைக்காரருக்கு அது கழிவு. சுரண்டி எடுத்து விற்றவருக்கு வரும்படி. ஆர்செனிக் டிரைஆக்சைடு என்பது அதன் வேதியியல் பெயர். நம் ஊரில் வெள்ளைப் பாஷாணம்.

மணம் கிடையாது. சொல்லும்படியான ருசியும் இல்லை. பாலில் கலந்தால் குடிப்பவருக்குத் தெரியாது. 100 முதல் 200 மில்லிகிராம் ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போனால் ஆளைக் கொன்றுவிடக்கூடும். அப்பன் சாகும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாத பிள்ளைகள் நாடிய சரக்கு என்பதால் ஐரோப்பாவில் இதை ‘வாரிசுப் பொடி’ என்றே கேலியாக அழைத்தார்கள். 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேய வேதியியலர் நம்பகமான ஒரு சோதனையைக் கொண்டுவந்த பிறகுதான், வயிற்றுப்போக்கில் செத்தவர் எத்தனை பேர், பாஷாணத்தில் செத்தவர் எத்தனை பேர் என்று நீதிமன்றங்களால் பிரித்துப் பார்க்க முடிந்தது.

இதே பொடியைக் கரைத்த ஊசிமருந்து இன்று நாளுக்குப் 10 மில்லிகிராம் அளவில் ரத்தக்குழாய் வழியே ஏற்றப்படுகிறது. ஒருகாலத்தில் சில வாரங்களுக்குள் ஆளை முடித்துவிட்ட ஒரு ரத்தப் புற்றுநோயைப் பெரும்பாலானோரிடம் அது அடியோடு நீக்குகிறது. கொலைகாரன் கையிலிருந்து மருத்துவர் கைக்கு வர அதற்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. பாஷாணம் மருந்தாகும் என்பது பழைய சங்கதி. யாருக்கு மருந்து என்பதுதான் எவருக்கும் தெரியாமல் இருந்தது. விலாசம் எழுதாத கடிதம்போல அது கை மாறிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் நம்மவர்கள் குறுக்கிடுவார்கள்: சித்தர்கள் அன்றே சொல்லவில்லையா? பழனி மூலவரைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது நம் நம்பிக்கை. பாஷாணங்களைச் சுத்தி செய்து மருந்தில் சேர்க்கும் முறைகள் சித்த மருத்துவத்தில் உண்டு. சீனத்திலும் உண்டு, கிரேக்கத்திலும் உண்டு. ஆனால் ஒரு பொருளுக்கு வீரியம் உண்டு என்று அறிவது வேறு. ஆயிரம் நோயாளிகளில் எந்த ஒருவருக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்று அறிவது வேறு. முன்னது எல்லா நாட்டு முன்னோரிடமும் இருந்தது. பின்னது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை யாரிடமும் இல்லை.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு ஊர் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் ஃபவுலர் 1786இல் ஒரு நூல் வெளியிட்டார். குளிர்காய்ச்சலுக்கு என்று அன்று சந்தையில் விற்ற ஒரு ரகசியச் சொட்டு மருந்தில் ஆர்செனிக் இருப்பது தெரிந்ததும், அதைப் போலவே ஒரு கரைசலைத் தாமே செய்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, கண்டதை எழுதிவைத்தார். தண்ணீர் என்று நினைத்து யாராவது குடித்துவிடக் கூடாதே என்று அதில் லாவெண்டர் வாசனை சேர்த்தார். அந்த முன்யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஃபவுலர் கரைசல் அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய மருந்துக்கடைகளின் சர்வரோக நிவாரணி. மலேரியா, ஆஸ்துமா, சொரியாசிஸ், வலிப்பு, சோகை என எதற்கும் அதுதான். 1865இல் ஜெர்மனியில் லிஸ்ஸாவர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோயில் சாகக்கிடந்த ஒரு பெண்ணுக்கு இதைக் கொடுத்தார். அந்தப் பெண் சிலகாலம் தேறினார். 1878இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் கட்லரும் பிராட்ஃபோர்டும் ஒரு படி மேலே போய் வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்த்தார்கள். மருந்து கொடுத்தால் எண்ணிக்கை இறங்கியது, நிறுத்தினால் ஏறியது. பிற்பாடு ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாய்ல் இளம் மருத்துவராக இருந்தபோது, 1882இல் லான்செட் இதழுக்கு எழுதிய குறிப்பும் ஆர்செனிக் கொடுக்கப்பட்ட ஒரு ரத்தப் புற்றுநோயாளியைப் பற்றியதுதான்.

சிலருக்குக் கேட்டது, பலருக்குக் கேட்கவில்லை, கேட்டவருக்கும் நிலைக்கவில்லை. ஏன் என்று சொல்ல அன்று வழியில்லை. ரத்தப் புற்றுநோய் என்பது ஒரு நோயல்ல, பல நோய்களின் கூட்டம் என்பதே அப்போது தெளிவாகவில்லை. நீண்டநாள் ஆர்செனிக் குடித்தவர்களின் உள்ளங்கை தடித்து, தோலில் புற்று வருவதையும் மருத்துவர்கள் கவனித்தார்கள். எக்ஸ்ரே சிகிச்சை வந்தது. 1950களில் பியூசல்ஃபான் மாத்திரை வந்தது. ஃபவுலர் கரைசல் அலமாரியை விட்டு இறங்கியது.

இனி நோயின் கதை. 1957இல் நார்வே மருத்துவர் லீஃப் ஹில்லெஸ்டாட் மூன்று நோயாளிகளை விவரித்தார். மூவருக்கும் ரத்தப் புற்றுநோய்தான், ஆனால் சாவு வேறுவகையில் வந்தது: அடங்காத ரத்தக்கசிவு, சில வாரங்களில் முடிவு. வெள்ளை அணுக்களில் ஒருவகை முழுவளர்ச்சி அடையாமல் ‘புரோமைலோசைட்’ என்ற இடைநிலையிலேயே நின்று எலும்பு மஜ்ஜையை நிறைத்திருந்தது. அந்த அரைகுறை அணுக்கள், ரத்தம் உறையும் ஏற்பாட்டையே குலைத்துவிடும் சரக்கைத் தம்முள் வைத்திருந்தன. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா, சுருக்கமாக ஏ.பி.எல். தீவிர மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்று இது. மற்றவற்றைவிட வேகமாகக் கொன்றதும் இதுவே.

1977இல் சிகாகோவில் ஜேனட் ரௌலியும் கூட்டாளிகளும் இந்நோயாளிகளின் அணுக்களில் ஓர் அடையாளத்தைக் கண்டுகொண்டார்கள். 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் ஆளுக்கொரு துண்டை இடம் மாற்றிக்கொண்டிருந்தன. பல ரத்தப் புற்றுநோய்களுக்கு இப்படித் தனித்தனி அங்க அடையாளங்கள் உண்டு என்று உலகை ஏற்கவைத்தவர் ரௌலி. ஆனால் இந்த இடமாற்றத்தால் விளைவது என்ன என்பது தெரிய மேலும் 13 ஆண்டுகள் ஆயின. அதற்குள் சீனத்தில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது.

கலாசாரப் புரட்சிக் காலம். வடகிழக்குச் சீனத்தின் ஹார்பின் நகரத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஜாங் டிங்டாங் என்பவர் வேலை பார்த்தார். மேற்கத்திய மருத்துவமும் படித்தவர், சீன மரபு மருத்துவமும் கற்றவர். 1971இல் கிராமத்து வைத்தியர் ஒருவரின் புற்றுநோய் மருந்தைப் பற்றிய சேதி அவர் காதுக்கு வந்தது. அதில் மூன்று சரக்குகள்: பாஷாணம், ஒரு பாதரச உப்பு, தேரை விஷம். மருந்தாளுநர் ஹான் தாய்யுன் அதை ஊசிமருந்தாக மாற்றியிருந்தார். ஜாங் அதை ரத்தப் புற்றுநோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார்.

மூன்று விஷம் கலந்த மருந்து வேலை செய்கிறது என்றால் நாட்டு வைத்தியர் அத்தோடு நிறுத்திக்கொள்வார், சூத்திரம் பலித்துவிட்டது. ஜாங் நிறுத்தவில்லை. தேரை விஷம் ரத்த அழுத்தத்தை ஏற்றியது; பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுத்தது. ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். பாஷாணம் மட்டும் இருந்தாலே போதும் என்று தெரிந்தது. அதன்பின் எந்தவகை ரத்தப் புற்றுநோய்க்கு அதிகம் கேட்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். 1979இல் 55 தீவிர ரத்தப் புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மிக நன்றாகக் கேட்டது ஏ.பி.எல்.லுக்கு. இந்தக் கதையில் ஒரே ஒருவரை நிறுத்திப் பாராட்டச் சொன்னால் நான் ஜாங்கைத்தான் நிறுத்துவேன். ஆனால் அவர் கட்டுரைகள் சீன மொழியில், மாகாண மருத்துவ இதழ்களில் வந்தன. வெளியுலகம் இருபது ஆண்டுகள் அவற்றைப் படிக்கவில்லை. சீனத்திலேயே அவருக்குப் பெரிய பரிசு கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஹார்பினுக்குத் தெற்கே, ஷாங்காயில் வாங் ஜென்யி வேறு திசையிலிருந்து அதே நோயை நெருங்கினார். புற்றணுவைக் கொல்லாமல் பக்குவப்படுத்தினால் என்ன என்பது அவர் கேள்வி. அரைகுறையாக நிற்கும் அணு முழுசாக வளர்ந்துவிட்டால் தானாகவே ஆயுள் முடிந்து போய்விடும். வைட்டமின் ஏ வழிவந்த ரெட்டினாயிக் அமிலம் அப்படி வளர்க்கிறது என்று ஆய்வகக் கண்ணாடிக் குழாய்களில் தெரிந்திருந்தது. மேற்கில் அதன் ஒருவகை மட்டுமே எளிதில் கிடைத்தது. ஷாங்காயில் தோல் நோய்க்காக இன்னொரு வகை தயாரானது; அட்ரா என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது. 1986இல் கீமோ எதற்கும் மசியாமல் மரணப் படுக்கையில் இருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு வாங் அதைக் கொடுத்தார். பிழைத்தாள். 1988இல் அவர் குழு 24 பேரின் கணக்கை வெளியிட்டது: அட்ரா மட்டுமே கொடுத்து 23 பேருக்கு நோய் தணிந்திருந்தது. கிடைத்த வகை அதிர்ஷ்டம். துணிந்து கொடுத்தது அதிர்ஷ்டம் அல்ல.

1990இல், பாரிஸில் ஹ்யூக் தெ தே, ஆன் தெஜான் ஆகியோரும் வேறு சில குழுக்களும் ரௌலி கண்ட இடமாற்றத்தின் உள்ளே புகுந்து பார்த்தார்கள். 17ஆம் குரோமோசோமில் உடைந்திருந்த மரபணு எது தெரியுமா? ரெட்டினாயிக் அமிலத்தை ஏற்கும் புரதத்துக்கானது! வாங் கொடுத்த மருந்து சேரும் இடமும் நோய் பிறந்த இடமும் ஒன்றாக இருந்தன. சிகிச்சை முதலில், விளக்கம் நான்கு வருடம் கழித்து.

உடைந்த அந்த மரபணுத் துண்டு, 15ஆம் குரோமோசோமின் பி.எம்.எல். என்ற மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து உடலில் இயல்பாக இல்லாத ஓர் ஒட்டுப் புரதத்தை உண்டாக்குகின்றன. அணு வளர்வதற்குத் தேவையான மரபணுக்களை அது அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே அணு புரோமைலோசைட் நிலையிலேயே நின்றுவிடுகிறது. நோய் முழுவதற்கும் மூலம் இந்த ஒரு புரதம்.

அட்ராவால் மட்டும் தணிந்த நோய் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் திரும்பியது. கீமோவைச் சேர்த்தால் நிலைமை தேறியது. இருந்தும் ஒரு பகுதியினருக்குத் திரும்பியது. அப்படித் திரும்பியவர்களுக்கு 1990களின் நடுவில் ஷாங்காய் குழு ஹார்பினின் பாஷாண ஊசியைப் போட்டது. 1997இல் வெளியான கணக்கில் பாஷாணம் மட்டும் பெற்றவர்கள் 10 பேர். 9 பேருக்கு நோய் தணிந்தது. அந்தக் குழுவின் சென் ஜு பின்னாளில் சீனத்தின் சுகாதார அமைச்சரானார். 1998இல் நியூயார்க்கின் ஸ்லோன்-கெட்டரிங் மருத்துவமனை 12 பேருக்குக் கொடுத்து 11 பேரிடம் பலன் கண்டது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசு பாஷாணத்தை மருந்தாக அங்கீகரித்தது. கிராமத்து வைத்தியர் சேதி ஹார்பினுக்கு வந்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாஷாணம் உள்ளே என்னதான் செய்கிறது? ஒட்டுப் புரதத்துக்கு இரண்டு பாதிகள். அட்ரா ரெட்டினாயிக் பாதியைப் பிடிக்கிறது. ஆர்செனிக் மறுபாதியான பி.எம்.எல்.லைப் பிடிக்கிறது. ஆர்செனிக்குக்குக் கந்தகத்தின் மேல் தீராத பற்று; அது விஷமாவதும் அதனால்தான், உடம்பின் எத்தனையோ புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றி அவற்றை முடக்கிவிடுகிறது. பி.எம்.எல். புரதத்தில் சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலங்கள் நெருங்கி நிற்கின்றன. ஆர்செனிக் நேராக அங்கே போய் ஒட்டுகிறது என்று சென் ஜு குழு 2010இல் சயன்ஸ் இதழில் காட்டியது. ஒட்டியதும் புற்றணு அந்தப் புரதத்துக்கு ‘அழிக்க வேண்டியது’ என்று முத்திரை குத்தி, தன் கழிவு நீக்கும் ஏற்பாட்டுக்கு அனுப்பிவிடுகிறது. புரதம் போனால் நோய்க்கு மூலம் போனது. மருந்து கேட்காமல் போன சில நோயாளிகளில், ஆர்செனிக் பிடிக்கும் இடத்துக்கு அருகிலேயே மரபணு மாறியிருந்தது. அது அங்கேதான் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதனால்தான் ஃபவுலர் கரைசல் அத்தனை பேருக்கும் கேட்கவில்லை. ஒட்டுப் புரதம் உள்ளவருக்கு அது குணம். இல்லாதவருக்கு வெறும் விஷம். மற்றப் புற்றுநோய்களிலும் பாஷாணத்தைப் பலர் முயன்று பார்த்துவிட்டார்கள். ஏ.பி.எல்.லில் செய்ததை வேறெங்கும் அது செய்துகாட்டவில்லை. குரோமோசோம் இடமாற்றம் என்ற அடையாளம்தான் இந்த மருந்துக்கு விலாசம் என்றுகூடச் சொல்வேன். நோயை உறுதிசெய்வதும் அதே அடையாளம். சிகிச்சைக்குப் பின் மஜ்ஜையில் மிச்சம் ஒளிந்திருக்கிறதா என்று பி.சி.ஆர். சோதனையில் தேடுவதும் அதையே. யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை முன்கூட்டிச் சொல்ல, ஸ்பெயினின் மிகேல் சான்ஸ் குழுவினர் 2000இல் இன்னும் எளிய அளவுகோலைத் தந்தார்கள்: நோய் தெரியும் நாளில் வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 10,000க்கு மேல் இருந்தால் ஆபத்து அதிகம், அதற்குக் கீழே இருந்து, தட்டணுக்களும் 40,000க்கு மேல் இருந்தால் ஆபத்து குறைவு. எந்த ஊர் ஆய்வகத்திலும் கிடைக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனை எண்கள் இவை.

இந்தப் பயணத்தில் வேலூருக்கு ஒரு நிறுத்தம் உண்டு. அட்ராவும் கீமோவும் சேர்ந்த சிகிச்சை பணக்கார நாடுகளில் நிலைபெற்றிருந்த காலம் அது. கீமோ என்றால் தொற்று, தொற்றென்றால் விலையுயர்ந்த ஆண்டிபயாடிக், வாரக்கணக்கில் படுக்கை, அடிக்கடி தட்டணு ஏற்றுதல். நோய் குணமாகக் கூடியதாக இருந்தும், செலவைக் கேட்டு வீட்டுக்குத் திரும்பிப் போகும் குடும்பங்கள் உள்ள நாடு இது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) விக்ரம் மேத்யூஸ், மம்மன் சாண்டி குழுவினர் புதிதாக நோய் கண்டவர்களுக்கே, முதல் மருந்தாகவே, பாஷாணத்தைத் தனியாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். நோய் தணியும்வரை நாளுக்குப் 10 மில்லிகிராம், இடைவெளி, மேலும் நான்கு வாரம், பிறகு ஆறு மாதங்களுக்கு மாதத்தில் பத்து நாள். முதல் கட்டம் தாண்டியபின் பெரும்பாலும் வெளிநோயாளியாகவே வந்து போகலாம்.

1998 முதல் 2004 வரை 72 பேர். அவர்களில் 62 பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. மூன்றாண்டு உயிர்பிழைப்பு 86 சதவீதம். நோய் தெரியும்போதே வெள்ளை அணுக்கள் 5,000க்குக் கீழும் தட்டணுக்கள் 20,000க்கு மேலும் இருந்தவர்கள் 22 பேர். 2006இல் வெளியான கட்டுரையின்படி அவர்களில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை, ஒருவரும் இறக்கவில்லை. கீமோ இல்லாமலே குணமாகும் நோயாளிகளை ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தே இனங்காணலாம் என்று இந்த எண் சொன்னது. 2010இல் வெளியிட்ட நீண்டகாலக் கணக்கில், நோய் தணிந்தவர்களில் 80 சதவீதத்தினர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். கீமோ இல்லாமலே குணப்படுத்த முடியுமா என்று கையில் காசு இல்லாத இடத்தில் கேட்கப்பட்ட கேள்வி, பணக்கார நாடுகள் பிறகு கேட்ட கேள்விக்கு முன்னோடியாக நின்றது.

அந்தக் கேள்விக்கு 2013இல் ரோமின் பிரான்செஸ்கோ லோ-கோகோ பதில் தந்தார். இத்தாலிய, ஜெர்மன் மருத்துவமனைகளில், ஆபத்து குறைவான நோயாளிகளில் ஒரு பாதிக்கு அட்ராவும் கீமோவும்; மறுபாதிக்கு அட்ராவும் பாஷாணமும். இரண்டாண்டு முடிவில் எந்தப் பின்னடைவும் இன்றி இருந்தவர்கள் முதல் குழுவில் 86 சதவீதம், இரண்டாம் குழுவில் 97 சதவீதம். வழக்கமான கீமோ ஒரு சொட்டும் இல்லாமல் ஒரு தீவிர ரத்தப் புற்றுநோய் குணமாகியிருந்தது. 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பாஷாணம் இடம்பெற்றது.

சீனத்தில் ஊசியோடு மாத்திரையும் வந்துவிட்டது. அதன் முக்கியச் சரக்கு மனோசிலை எனும் சிவப்பு ஆர்செனிக் கனிமம். கூடவே அவுரி நீலம். 242 பேரிடம் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் மாத்திரை குறைந்துவிடவில்லை என்று 2013இல் தெரிந்தது. மனோசிலையும் அவுரியும் நம் நாட்டு மருந்துக்கடைகள் அறியாத சரக்குகள் அல்ல. ஆனால் கடையில் வாங்கிச் செய்துபார்க்கும் எண்ணம் யாருக்கும் வர வேண்டாம். மருத்துவமனையிலேயே இந்த மருந்துக்கு ஏகப்பட்ட கண்காணிப்பு உண்டு. இதயத் துடிப்பின் தாளம் குலையக்கூடும் என்பதால் இ.சி.ஜி. எடுத்துக்கொண்டே, பொட்டாசியமும் மக்னீசியமும் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். பக்குவமடையும் அணுக்கள் திமுதிமுவென்று பெருகிக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரலாம்; உடனே ஸ்டீராய்டு போடாவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஒட்டுப் புரதம் இல்லாத உடம்பில் பாஷாணம் எப்போதும்போலப் பாஷாணம்தான்.

இன்று ஏ.பி.எல்.லில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மருந்து கேட்காமல் இறப்பவர்கள் அல்லர். மருந்து ஆரம்பிக்கும் முன்போ, ஆரம்பித்த முதல் சில நாள்களிலோ, மூளையில் ரத்தம் கசிந்து இறப்பவர்கள். அதனால்தான் மரபணுச் சோதனையின் முடிவு வருவதற்கு முன்பே, சந்தேகம் எழுந்த அன்றே அட்ரா மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது உலகெங்கும் விதி. பல் துலக்கும்போது ஈறில் நிற்காத ரத்தம், அடிபடாமலே உடம்பில் கருநீலத் திட்டுகள், கூடவே காரணமில்லாக் காய்ச்சலும் அசதியும் என்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கே ஒரு முழு ரத்த அணுப் பரிசோதனை எடுங்கள். எண்கள் சரியில்லை என்றால் அன்றைக்கே ரத்தநோய் மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.